அர்ச்சுனா நதிக்கு வடக்கே

நான் அவரை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தபோது அவர் ஒரு பாலத்துக்கு அடியில் மல்லாந்து கிடந்தார்.

கொரோனா அடங்கி, பேருந்துகள் பழையபடி நிரம்பி வழியத் தொடங்கியிருந்த சமயம். எனக்குச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை. காலண்டர், வெடிப்பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போகும். வீடு விருதுநகரில். அன்று சாயங்காலம் திருத்தங்கல் தாண்டி அர்ச்சுனா நதிப் பாலத்துக்கு வந்ததும் பஸ்ஸின் பின்டயர் வெடித்து வண்டி நின்றுவிட்டது. இறங்கி நின்ற கூட்டத்தில் ஒரு பெரியவர் பாலத்துச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தார். "ஏப்பா, கீழ ஒரு பொம்பள விழுந்து கெடக்கு!" என்று கத்தினார்.

ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலும் சீமைக்கருவேலமும்தான். வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் பாலத்தூணை ஒட்டிக் கிடந்தார். கண்டக்டர் சரிவில் இறங்கி ஓடினார். கிடப்பது பெண்ணாயிற்றே, இன்னொரு பெண் துணை வேண்டுமே என்று நானும் பின்னாலேயே இறங்கினேன். நாங்கள் கிட்டே போனதும், திரும்பிப் பார்க்காமலேயே அவர் கையை உயர்த்தினார்.

"கால அங்கன வைக்காதீக. எறும்பு வரிசையக் கலைச்சுருவீக."

கண்டக்டர் ஒற்றைக்காலில் நின்றார். அந்த அம்மாள் நிதானமாக எழுந்து உட்கார்ந்து, கையிலிருந்த பூதக்கண்ணாடியைச் சேலை முந்தானையில் துடைத்து, "இங்கன இல்ல," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஏமாற்றமாகச் சொல்லவில்லை. கடையில் கேட்ட பொருள் கிடைத்ததைப் போல முகம் மலர்ந்திருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "நீங்க நம்ம வரிசையில ரெண்டாவது வீடுல்லா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. எங்கள் வரிசை வீடுகளில் கடைசி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர். சிவகாசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ரொம்ப வருடமாக நர்ஸ். தெருவில் எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டேன். அன்று பஸ்ஸை விட்டுவிட்டு அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தேன். ஆமத்தூர் வரும்வரை நான் எதுவும் கேட்கவில்லை. அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"எது இல்ல சிஸ்டர் அங்கன?"

"சிலந்தி," என்றார் காற்றில். "ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. இந்தப் பக்கம் இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். ஏதோ மிகச் சாதாரணமான விஷயத்தைச் சொல்வதுபோல்.

எல்லோருக்கும் ஒரு கேள்வி உண்டு. என் மாமியாருக்கு 'என்ன விலை', என் முதலாளிக்கு 'எப்ப முடியும்'. சிஸ்டருக்கு 'எதுவரைக்கும்'. தெருவில் புதிதாகக் குழாய் பதித்தால் எதுவரைக்கும் என்று கேட்பார். மழை பெய்தால், எந்த ஊர் வரை நனைந்திருக்கிறது என்று மறுநாள் பஸ்ஸில் வருகிறவர்களிடம் விசாரிப்பார். அவர் பிறந்தது திருச்செந்தூர்ப் பக்கம். அங்கே 'வந்திய, போறிய' என்று பேசுவார்கள். எங்கள் பக்கம் 'வந்தீக, போறீக'. இந்த 'க' எந்த ஊரில் 'ய' ஆகிறது என்று கண்டுபிடிக்க, ஊருக்குப் போகும்போதெல்லாம் வேண்டுமென்றே நடுவில் இறங்கி டீக்கடையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாராம். கோவில்பட்டி தாண்டி கயத்தாறுக்குள் ஏதோ ஓர் இடத்தில் மாறுகிறது என்பது அவர் முடிவு. அவரே இரண்டையும் கலந்துதான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் பிறந்த ஊர்ப் பேச்சு முழுதாக வந்துவிடும்.

ஆஸ்பத்திரியிலும் அப்படித்தானாம். வயிற்றுவலி என்று வருகிறவர்களிடம் எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்பார். இவர் ஒரு விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போய், "இங்கன வலிக்கா? இங்கன? இப்ப நின்னுட்டா?" என்று வலி முடிகிற இடத்தைத் தேடுவார். "இருக்குற எடத்தச் சொல்லச் சொன்னா எல்லாரும் மொத்தமாக் கையக் காட்டிருவாக. முடியுற எடத்தக் கேட்டாத்தான் யோசிப்பாக," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அச்சகத்தில் என் முதலாளி என்னை எல்லோர் முன்னாலும் ஏசுவதை ஒருநாள் அவரிடம் சொல்லி அழுதேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "எதுவரைக்கும் பொறுப்பீக?" என்றார். அந்தக் கேள்வி மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. அடுத்த தீபாவளி சீசனில் முதலாளி ஒரு லேபிள் தப்புக்காக என் அப்பாவை இழுத்துப் பேசியபோது, பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்றேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. அதன்பிறகு அவர் என் வேலையைப் பற்றி மட்டும்தான் பேசினார்.

அந்தச் சிலந்தி அவரிடம் வந்த கதையைத் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன்.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்திலிருந்து ஒரு பட்டாசுத் தொழிலாளி கையில் கொப்புளத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். சிலந்தி கடித்துவிட்டது என்று சொல்லி, ஆளையும் பிடித்து ஒரு தீப்பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். டாக்டர் பார்த்துவிட்டு, இது வெடிமருந்து பட்ட கொப்புளம், இந்தச் சிலந்திக்குக் கடிக்கும் அளவுக்கு வாயே கிடையாது என்று களிம்பு தடவி அனுப்பிவிட்டார். தீப்பெட்டி மேசையிலேயே கிடந்தது. சிஸ்டர் அதைத் திறந்து, முள் எடுக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியால் பார்த்தார். எள்ளைவிடப் பெரிது, உளுந்தைவிடச் சிறிது. கடைசிக் கால் இரண்டிலும் சீப்பின் பல்லைப்போல வரிசையாக முடி.

"தலை வாருற சீப்பாட்டமே இருந்துச்சு," என்பார். "இம்புட்டுக்காண்டு கால்ல இம்புட்டு நேர்த்தியா எதுக்குன்னு நெனச்சேன்."

படம் எடுத்து, மதுரையில் ஒரு கல்லூரியில் சிலந்திகளை ஆராயும் இளைஞர் ஒருவருக்கு, தெரிந்தவர் மூலமாக அனுப்பினார். அந்த இளைஞர் உடனே போன் செய்துவிட்டார். இது சீப்புக்கால் சிலந்திகளில் ஒரு சிறிய வகை, மேற்கே மலையடிவாரத்தில் மட்டும்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம், சிவகாசிச் சமவெளிக்கு எப்படி வந்தது என்று ஆச்சரியப்பட்டார்.

"அப்ப எதுவரைக்கும்தான் இருக்கும் தம்பி?" என்று சிஸ்டர் கேட்டார்.

"தெரியாது சிஸ்டர். யாரும் போய்ப் பாக்கல."

அந்தப் பதில் அவரை என்ன செய்ததென்று எனக்குத் தெரியும். யாரும் போய்ப் பார்க்காத ஓர் எல்லை தன் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் எங்கேயோ கிடக்கிறது என்று தெரிந்தபின் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. ஓய்வு நாளெல்லாம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். விஸ்வநத்தம், நாரணாபுரம், திருத்தங்கல் என்று பாலத்தடி, பம்புசெட் சுவர், பாறை இடுக்கு எல்லாவற்றிலும் குனிந்தும் படுத்தும் பார்த்தார்.

ஒருமுறை என்னையும் அழைத்துப் போனார். விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு ஆலையில் தொழிலாளர்களுக்குத் தடுப்பூசி போடும் நாள். நானும் துணைக்குப் போனேன். கேட்டிலேயே இருவருடைய போன்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே தனித்தனியாக அறைகள், நடுநடுவே வேப்பமரங்கள். ஊசி போட்டு முடிந்ததும் சிஸ்டர் என்னைக் கைகழுவும் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். தொட்டிச் சுவரின் அடிப்பக்கம், கண்ணுக்கு நேரே வைத்துக் காட்டியும் எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை.

"மணி தொங்குதா பாருங்க."

பார்த்தேன். ஓர் ஆட்டுக்குட்டியின் கழுத்துமணியை நூறு மடங்கு சுருக்கியதுபோல ஒன்று நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. மண்துகளைச் சேர்த்து ஒட்டிச் சிலந்தி கட்டிய கூடு. அது அங்கே வெள்ளியாக மின்னியது. தொழிலாளர்கள் கைகழுவும்போது உதிரும் அலுமினியப் பொடி மண்ணோடு கலந்திருந்தது. சிலந்தி கிடைத்ததை எடுத்துக் கட்டியிருக்கிறது. மணியின் வாயிலிருந்து விறைப்பான நூல்கள் தரைவரை இறங்கியிருந்தன. ஓர் எறும்பு அதில் இடித்தது. நூல் தரையைவிட்டு அறுந்து சுண்ட, எறும்பு அப்படியே மேலே தூக்கப்பட்டது. உள்ளேயிருந்து சிலந்தி இறங்கி, கடைசிக் கால்களால் பசைநூலை வாரி வாரி எறும்பின்மேல் எறிந்தது.

"சீப்பு எதுக்குன்னு இப்பத் தெரியுதா?" என்றார் சிஸ்டர். அங்கே படம் எடுக்க முடியாதென்பதால், தன் உள்ளங்கையில் பேனாவால் அந்த மணியை வரைந்துகொண்டார். போர்மேன் பார்த்துவிட்டு, "சிஸ்டர், மருதாணி வச்சுக்கிறீகளா?" என்று சிரித்தார்.

பல மாதம் தேடியதில் ஒன்று தெளிவாயிற்று. சிவகாசியைச் சுற்றி எல்லாப் பக்கமும் அது இருந்தது. வடக்கே மட்டும், அர்ச்சுனா நதியோடு நின்றது. தென்கரைப் புதரடியில்கூட இருக்கும். பாலத்தடியிலும் வடகரையிலும் ஒன்றுகூட இருக்காது. எனக்கு அது விளங்கவில்லை. ஆண்டில் முக்கால்வாசி நாள் மணலாகக் கிடக்கும் ஆற்றை ஒரு சிலந்தியால் தாண்ட முடியாதா?

"குஞ்சுக நூலை விட்டுட்டுக் காத்துல பறந்தே போகுமாம். தம்பி சொல்லுச்சு. அப்பிடியும் தாண்டல," என்றார். "ஏன்னு கேக்காதீக. எனக்கும் தெரியல. அதான் தூக்கம் வரமாட்டேங்கு."

அவருடைய அந்தக் கிறுக்கு எங்கள் வீட்டுக்கு என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

என் கணவருக்குப் பருப்பு மில்லில் வேலை. ஒரு சனிக்கிழமை தகரம் கிழித்துக் கெண்டைக்காலில் சின்னக் காயம். மஞ்சளை அப்பிக்கொண்டு தூங்கிவிட்டார். ஞாயிறு காலையில் கால் சிவந்து வீங்கியிருந்தது, லேசாகக் காய்ச்சல். சர்ச்சுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்த சிஸ்டரை வாசலில் பார்த்து, ஒரு மாத்திரை சொல்லுங்கள் என்றுதான் கூப்பிட்டேன். அவர் உள்ளே வந்து காலைப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, சிவப்பு முடிகிற இடத்தை ஒட்டியே காலைச் சுற்றிக் கோடு போட்டார்.

"என்ன சிஸ்டர், கால்ல கோலம் போடுறீக?" என்று என் கணவர் சிரித்தார்.

"இது எதுவரைக்கும்னு குறிச்சு வைக்கேன். மத்தியானம் வந்து பாக்கேன்."

மத்தியானம்வரை அவர் பொறுக்கவில்லை. நான் குழம்பு தாளித்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டார். போர்வையை விலக்கினார். சிவப்பு கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை மேலே போயிருந்தது. தாண்டிய பகுதியில் தோல் பளபளத்தது. அவர் முகம் மாறியதை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். ஆஸ்பத்திரி டாக்டருக்கு அங்கிருந்தே போன் செய்தார். கோடு போட்டதையும் அது தாண்டியதையும் சொன்னார். டாக்டர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இங்கே வரவேண்டாம், நேராக மதுரைக்குக் கொண்டுபோங்கள், நான் அங்கே பேசுகிறேன் என்றார்.

என் கணவர் பிடிவாதம் பிடித்தார். "நாளைக்கு லோடு ஏத்தணும் சிஸ்டர். ரெண்டு நாள் கழிச்சுப் பாத்துக்கலாம்."

"கோட்டத் தாண்டிட்டு!" என்று சிஸ்டர் கத்தினார். "நீங்க என்ன பேசிய? இது எங்க போயி நிக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். எந்திரிங்க!"

காரில் போகும்போது அவர் பின்சீட்டில் என் கணவரின் காலை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். திருமங்கலத்தில் இன்னொரு கோடு போட்டார். மதுரையில் இறங்கும்போது சிவப்பு அதையும் தொட்டிருந்தது. சதையை அரிக்கும் கிருமியாம். அன்றைக்கே அறுவை செய்தார்கள். அரை நாள் தாமதமாகியிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று அங்கே சொன்னார்கள். மூன்றாம் நாள் சிவப்பு கோட்டுக்கு உள்ளே இறங்கிவிட்டதைச் சிஸ்டர்தான் முதலில் பார்த்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டி, "பின்வாங்குது பாரு ஏட்டி!" என்றார். அன்றுமுதல் நான் அவருக்கு, அவர் ஊர்ப்பக்கம் தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல, 'ஏட்டி' ஆனேன். என் கணவர் இன்றும் கொஞ்சம் சாய்ந்து நடப்பார். ஆனால் இரண்டு காலால் நடக்கிறார்.

அதற்கடுத்த மழைக்காலத்தில்தான் அது நடந்தது. ஒரு விடிகாலை சிஸ்டர் என் கதவைத் தட்டினார். தலைகூட வாரவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் வரிசையின் கடைசிக்குப் போனார். அங்கே சுற்றுச்சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த பொந்து. உள்ளே மணி தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பொந்தில் இன்னொன்று.

"விருதுநகர்ல ஏட்டி! ஆத்தத் தாண்டிட்டு!"

குழந்தையைப்போல என் தோளைப் பிடித்து உலுக்கினார். அப்போதே படம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார். ஆராய்ச்சி இளைஞர் போனில் பேசிய உற்சாகம் எனக்கே கேட்டது. ஆற்றுக்கு வடக்கே இதுதான் முதல் பதிவு, இதை வைத்துத்தான் கட்டுரையே எழுதப்போகிறேன், உங்கள் பெயரும் வரும் சிஸ்டர் என்றார். அவர் அந்தக் கல்லூரியில் தற்காலிக ஆசிரியர். நல்ல கட்டுரை ஒன்று வந்தால் வேலை நிரந்தரமாகும் என்று அவரே சொல்லியிருந்தார். சில வாரங்களில் ஒரு கருத்தரங்கில் விருதுநகர்ச் சிலந்தியைப் பற்றிப் பேசிக் கைதட்டும் வாங்கிவிட்டார்.

சிஸ்டர் அதோடு நிற்கவில்லை. விருதுநகரில் வேறு எங்கெல்லாம் இருக்கிறதென்று தேடத் தொடங்கினார். ரயில்வே சுவர், மிளகாய்க் குடோன், கௌசிகா நதிப் பாலம், சர்ச் மதில். எங்கும் இல்லை. எங்கள் வரிசையின் கடைசிச் சுவரில் மட்டும் இருந்தது. "இது சரியில்ல ஏட்டி. பரவி வந்தா வழியில இருக்கணும்லா? ஆமத்தூர்லயும் இல்ல. நடுவுல ஒண்ணுமே இல்லாம இங்கன எப்பிடி வந்து குதிச்சுது?" என்பார்.

அந்தச் சமயத்தில் ஸ்கூட்டர் மக்கர் செய்தது. தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டோம். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிய மெக்கானிக், கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றார்.

"சிஸ்டர், இங்கன வாங்க. வண்டிக்குள்ள ஒரு குடும்பமே குடியிருக்கு!"

தகட்டின் உள்பக்கம் ஒட்டடையாக நூல். அதில் மணிகள் தொங்கின. ஒன்று வெள்ளியாக மின்னியது.

சிஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு, அங்கே கிடந்த பழைய டயரில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போனேன். "சுவருல இருக்குற எடமும் நான் வண்டி நிறுத்துற எடமும் ஒண்ணு," என்று மட்டும் சொன்னார். மெக்கானிக் துணியால் துடைக்கப் போனபோது, "தொடாதீக!" என்று தடுத்தார்.

அதற்குப் பிறகு சில நாள் அவர் மதுரைக்குப் போன் செய்யவில்லை. எனக்குக் காரணம் புரிந்தது. நானே அவரிடம் சொன்னேன்: "யாருக்கும் தெரியாது சிஸ்டர். சுவர்ல இருக்குறது உண்மைதான? அந்தத் தம்பி வேலைக்கு ஏன் இடைஞ்சல்?"

"அதத்தான் நானும் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்," என்றார். "அது வந்துச்சா, நான் கொண்டாந்தேனா? ரெண்டும் ஒண்ணா ஏட்டி? நாளைக்கு ஒருத்தன் அந்தப் படத்தப் பாத்துட்டு, ஆத்தத் தாண்டிருச்சேன்னு நம்பி மேற்கொண்டு தேடப் போவான். அவன் ஆயுசு பூரா தேடுவான்."

ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்ததும் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து மதுரைக்குப் போன் செய்தார். சுற்றிவளைக்கவில்லை. "தம்பி, அந்தப் புள்ளி தப்பு. நாந்தான் என் வண்டியில கொண்டாந்துருக்கேன். எடுத்துருங்க." மறுமுனையிலிருந்து, "நான் மேடையில சொல்லிட்டேனே சிஸ்டர்," என்ற குரல் மட்டும் கேட்டது. இவர், "தெரியும் தம்பி," என்றார். அந்த இளைஞர் போனை வைத்துவிட்டார்.

ஒரு வாரமாக அவரிடமிருந்து சத்தமே இல்லை. சிஸ்டர் வேலைக்குப் போனார், வந்தார். எங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. அந்தப் பையனின் பிழைப்பைக் கெடுத்துவிட்டோம் என்ற நினைப்பு அவரை அரித்தது. அடுத்த ஞாயிறு காலையில், தோள்பையோடு ஓர் ஒல்லியான இளைஞர் எங்கள் வரிசையில் வந்து நின்று, "சிஸ்டர் வீடு எது?" என்று கேட்டார். வந்தவர் முதலில் வீட்டுக்குள் போகவில்லை. ஸ்கூட்டரின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, தகட்டைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார்.

"உங்க மேல ரொம்பக் கோவமா இருந்தேன் சிஸ்டர்," என்றார். "நேத்துதான் தோணுச்சு. ஆத்தத் தாண்டாத ஒண்ணு, ஆளோட வண்டியில தாண்டுதுன்னா, அதுவும் எழுதவேண்டியதுதான்."

சிஸ்டர் உள்ளே போய் அவருக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

மூவருமாக அன்றைக்கு முழுக்க உட்கார்ந்து சிலந்திகளைப் பிடித்தோம். வண்டியிலும் சுவரிலும் இருந்தவற்றை ஒவ்வொன்றாக மாத்திரை டப்பாக்களில் சேர்த்தோம். விஸ்வநத்தத்தில் கொண்டுபோய் விடுவதென்று முடிவு. நான் சிலந்தியைத் தொட்டதே அன்றைக்குத்தான். வெயில் தாழ்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது, ஒன்றைத் தவிர. சுவரின் உச்சியில், விரல் நுழையாத ஒரு வெடிப்புக்குள் அது இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், மணிக்குள் தாய், அதன் காலடியில் புள்ளி புள்ளியாகக் குஞ்சுகள். இந்தக் கூடு எங்கள் சுவரின் சுண்ணாம்பாலும் செங்கல்பொடியாலும் கட்டப்பட்டிருந்தது. மங்கிய சிவப்பு.

நான் ஈர்க்குச்சி ஒன்றை எடுத்து நீட்டினேன். "குத்தி எடுத்துரலாமா சிஸ்டர்?"

அவர் இளைஞரைப் பார்த்தார். இளைஞர், "உங்க இஷ்டம்," என்றார்.

சிஸ்டர் குச்சியை வாங்கி ஒடித்துப் போட்டார். "இதுக இங்கனயே பொறந்துட்டு. எங்கன கொண்டுபோயி விட?"

கட்டுரை சுருங்கித்தான் வந்தது. அந்த இளைஞருக்கு வேலை நிரந்தரமாக மேலும் ஓராண்டு ஆனது. அதைப் பற்றி அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. சிஸ்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பெங்களூரில் இருக்கும் மகளிடம் போவதற்குச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த நாளில்தான் அந்தக் கட்டுரை அவர் போனுக்கு வந்தது. இருவரும் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து பார்த்தோம். கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தது. நாங்கள் நேராக வரைபடத்துக்குப் போனோம். மேற்கே மலையடிவாரத்திலிருந்து சிவகாசிவரை கறுப்புப் புள்ளிகள். ஆறு ஒரு மெல்லிய கோடு. அதற்கு வடக்கே, விருதுநகர் இருக்கும் இடத்தில், உள்ளே நிரப்பாத ஒரே ஒரு வெற்று வட்டம்.

"இது என்ன சிஸ்டர்?"

"கறுப்புன்னா அதுவா வாழுற எடம். வெறும் வட்டம்னா மனுசன் கொண்டாந்து சேத்த எடம். தம்பி சொல்லுச்சு." விரல்களால் படத்தை விரித்து விரித்து அந்த வட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அந்த வெடிப்புக்குள் விட்டுவைத்த ஒன்றுக்காகத்தான் அந்த வட்டம் அங்கே இருந்தது.

"என்னையப் படத்துல போட்டாலும் இப்பிடித்தான் போடணும்," என்றார். "டிரெய்னிங் முடிச்ச கையோட, ஒரு வருசத்துக்குன்னு சொல்லி இந்தப் பக்கம் கொண்டாந்து எறக்குனாக. அப்பிடியே கெடந்துட்டேன்."

எனக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை. "என்ன சிஸ்டர் பேசுறீக? இத்தன வருசம் இருந்துட்டு நீங்க வெறும் வட்டமா?"

அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வட்டம்னா வட்டந்தான் ஏட்டி. அதுல என்ன வருத்தம்? படத்துல இருக்குல்லா?"